புகையாத கட்டைகள்

அந்த எட்டு விதிகளையும் எழுதியவன் நான்தான். வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட முடியாதபடி என் கையெழுத்திலேயே, ஒரு ஷூ பெட்டியின் மூடியில், கொட்டை கொட்டையாக எழுதிப் பட்டறைக் கதவில் ஆணியடித்து மாட்டினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, எனக்கு அந்தச் செலவுகூட ஆகவில்லை. பெட்டி மூடி சும்மா கிடந்தது. பேனா சட்டைப்பையில் இருந்தது.

நான் செருப்பும் ஷூவும் தைக்கிறவன். கடையில் ஆறு, ஏழு, எட்டு என்று அளவு கேட்டு வாங்குகிற கால்களுக்கு இல்லை. வளைந்த கால், வீங்கிய கால், விரல் போன கால், சர்க்கரையில் உணர்ச்சி செத்துப்போன கால், இவைதான் என்னிடம் வரும். பெரிய ஆஸ்பத்திரியில் கால் பிரிவு டாக்டர் சீட்டு எழுதி அனுப்புவார். வருகிற ஒவ்வொரு காலுக்கும் அச்சு அசலாக ஒரு மரக்கட்டை செதுக்குவேன். அந்தக் கட்டையின் மேல்தான் தோலை இழுத்துத் தைக்க வேண்டும். கட்டை சரியாக இருந்தால் ஷூ சரியாக இருக்கும். கட்டையில் ஒரு நெல்லளவு தப்பினால் கால் புண்ணாகும். இதுதான் என் தொழில் முழுவதும்.

என்னிடம் வருகிறவர்களில் கண்டக்டர் அக்கா ஒருத்தி. பேருந்தில் டிக்கெட் கொடுக்கிறவள், ஐம்பத்தாறு வயது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஆடுகிற வண்டியில் நிற்கிற வேலை. இருபது வருஷச் சர்க்கரை அவள் பாதங்களை மரக்கட்டையாக்கிவிட்டது. ஆணி குத்தினாலும் தெரியாது, கொதிதண்ணீர் பட்டாலும் தெரியாது. இடது காலில் ஒரு விரல் ஏற்கெனவே போய்விட்டது. அந்தக் கால் சுண்டுவிரல் எலும்பு வெளியே புடைத்துக்கொண்டு நின்றது. பழைய ஷூ அந்த இடத்தில்தான் உரசும்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார். "இன்னொரு தடவை அங்க புண்ணு வந்தா விரல் இல்ல, காலையே எடுக்கணும். உங்க ஷூவை நம்பித்தான் இருக்கேன்."

ஏழு மாசம் எடுத்துக்கொண்டேன். கட்டை செதுக்கி, வெள்ளோட்டத்துக்கு ஒரு ஜோடி தைத்து, போட்டு நடக்கவிட்டு, எங்கே அழுத்துகிறது என்று பார்த்து, அழுத்துகிற இடத்தில் கட்டையின் மேல் சின்னத் தோல் துண்டு ஒட்டி உப்பவைத்து, சீவி, தேய்த்து, மறுபடி தைத்து, மறுபடி நடக்கவிட்டு... மூன்று வெள்ளோட்டம். அக்காவுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கவும் முடியாது, அவளுக்குத்தான் வலியே கிடையாதே. தோல் சிவக்கிறதா என்று நான்தான் குனிந்து பார்க்க வேண்டும். இடது கட்டையில் ஏழு துண்டு, வலது கட்டையில் நாலு துண்டு. ஒவ்வொன்றையும் ஒட்டும்போது அக்கா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என் காலை விட இந்தக் கட்டைக்குத்தான் தம்பி நீ அதிகமா வைத்தியம் பாக்குற" என்பாள்.

"கட்டை சொன்ன பேச்சு கேக்குது, அதான் அக்கா."

மூன்றாவது வெள்ளோட்டத்தில் எங்கேயும் சிவக்கவில்லை. இனி நல்ல மெத்தென்ற தோலில் கடைசி ஜோடி தைக்க வேண்டியதுதான் பாக்கி. திங்கட்கிழமை தருவதாகச் சொன்னேன். அந்த வாரம்தான் அண்ணன் குடும்பத்தோடு லீவுக்கு வந்தான்.

என் அண்ணன் வருஷத்துக்கு ஒரு முறை வருவான். அண்ணி, இரண்டு பெண்பிள்ளைகள், நாலு பெட்டி, பத்து நாள். வந்த மறுநாளே பின்கட்டில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: "இவ்வளவு எடம் சும்மா கெடக்குதேடா. ஒரு நெருப்புக் குழி போடலாம். சாயங்காலம் சுத்தி உக்காந்து பேசிட்டு இருக்கலாம். பசங்க கேம்ப்ஃபயர், கேம்ப்ஃபயர்னு உயிரை எடுக்குதுங்க."

வேண்டாம் என்றுதான் சொன்னேன். பின்கட்டின் ஓரத்தில் என் பட்டறை. உள்ளே பசை டின்கள். திறந்தால் மூக்கில் ஏறும், ஒரு பொறி போதும். ஆனால் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. சித்தப்பா என்றால் சிடுமூஞ்சி என்று ஏற்கெனவே பெயர் எடுத்தாகிவிட்டது. சரி, செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று மண்வெட்டியை எடுத்தேன்.

செய்தேன். அதில் குறை சொல்ல ஆளே கிடையாது. பட்டறையிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி, மேலே ஒரு கிளைகூட இல்லாத இடமாகப் பார்த்து, மூன்றடி அகலத்துக்கு ஒன்றரை அடி ஆழம் தோண்டினேன். அடியில் சரளைக் கல் பரப்பினேன். அண்ணன் ஓடையோரத்திலிருந்து வழவழவென்று உருண்டைக் கற்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான், சுற்றி அடுக்கினால் அழகாக இருக்குமாம். தண்ணீரில் ஊறிய கல் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும், சூடேறினால் வெடிக்கும், சில்லு கண்ணில் பாயும் என்றேன். "கல்லு வெடிக்குமாடா?" என்று சிரித்தான். அதைத் திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டுச் சுட்ட செங்கல்லை இரண்டு வரிசை வட்டமாகக் கட்டினேன், காற்றுப் போக இடைவெளி விட்டு. குழியைச் சுற்றி ஆறடிக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கினேன். நாற்காலிகளை அந்த ஆறடிக்கு வெளியே போட்டேன்.

அதோடு விட்டேனா? விதி எழுதினேன். காற்று பட்டறைப் பக்கம் அடித்தால் அன்று நெருப்பு கிடையாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கக் கூடாது. பிளாஸ்டிக், ரப்பர், தோல், பெயிண்ட் அடித்த கட்டை, ஆணி இருக்கிற கட்டை உள்ளே போகக் கூடாது, விஷப் புகை வரும். ஈரக் கட்டை கூடாது, புகையும், தெறிக்கும். நன்றாகக் காய்ந்த பழைய கட்டை மட்டும். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு வாளித் தண்ணீரும் மண்ணும் மண்வெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் இல்லாமல் குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது. கடைசியில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே எழுந்து போக வேண்டும்.

"நெருப்புக்கே சட்டம் போட்ட முதல் ஆள் நீதான்டா" என்றான் அண்ணன்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கதவருகில் போய் நின்று முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். அண்ணி ஒரு உணவுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். கையில் பட்டியல் இல்லாமல் அவள் குளிக்கக்கூடப் போக மாட்டாள் என்று அண்ணனே கேலி செய்வான். "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. இப்படித் தெளிவா இருந்தா தப்பே நடக்காது" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த வீட்டில் என் பேச்சை மதித்த ஒரே ஆள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நெருப்பு மூட்டுவதாக ஏற்பாடு. அன்று காலை கண்டக்டர் அக்காவின் கட்டைகளை மேசை மேல் எடுத்துவைத்து, கடைசியாக ஒரு முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மதியம் தோல் வாங்கப் போக வேண்டும். தோல் மண்டி இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரம். கிளம்புகிற அவசரத்தில்தான், வாளியும் மண்வெட்டியும் பட்டறைக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. என் விதிப்படி அவை வெளியே இருக்க வேண்டுமே. மண்வெட்டி மேசைக்கு மேலே பரணில் இருந்தது. மேசையில் ஏறினால்தான் எட்டும். மேசை மேலிருந்ததை எல்லாம் வழித்துக் கீழே இருந்த கூடையில் போட்டுவிட்டு ஏறினேன். மண்வெட்டியை எடுத்து வெளியே சாத்திவைத்தேன். இன்னும் ஏதாவது தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று கதவையும் பூட்டாமல் விட்டுப் போனேன்.

அந்தக் கூடையில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டும். செத்துப்போனவர்களின் கட்டைகள் இருக்கும், பிளந்துபோன கட்டைகள், செதுக்கியதில் மிஞ்சிய துண்டுகள் இருக்கும். கழித்துக்கட்டிய கூடை அது.

தோல் அருமையாகக் கிடைத்தது. குழந்தையின் காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தது. மடிக்காமல் சுருட்டி, பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு மழை பிடித்து விட்டது. வீட்டுக்குள் நுழையும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பின்கட்டில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு நெருப்பை நான் பார்த்ததில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அங்கே புகையே இல்லாமல் நெருப்பு எரிந்தது. தெறிப்பு இல்லை, வெடிப்பு இல்லை, சுடர் நேராக நின்றது. பிள்ளைகள் ஆறடிக்கு அப்பால் போட்ட நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இரண்டு வாளி, மண், மண்வெட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. அண்ணன் என் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்து உட்கார வைத்தான். நனைந்த சட்டையோடு உட்கார்ந்தேன். சூடு முழங்காலில் ஏறி, மார்புக்கு வந்து, உடம்பெல்லாம் இதமாகப் பரவியது. அண்ணன் பழைய கதைகளை எடுத்துவிட்டான். நானும் சிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

"கட்டை ரொம்ப நல்லா இருக்கே, புகையே இல்ல" என்று நான்தான் சொன்னேன். ஒரு குச்சியை எடுத்து, ஓரத்தில் கிடந்த தணலை நடுவில் தள்ளிவிட்டவனும் நான்தான்.

"மழையில நம்ம வெறகெல்லாம் நனைஞ்சு போச்சுடா. தார்ப்பாய் போட மறந்துட்டேன். உங்க அண்ணிதான் சமாளிச்சா" என்றான் அண்ணன்.

"ஈரக் கட்டை கூடாதுன்னு எழுதியிருக்கீங்களே தம்பி. அதான் காஞ்சதாத் தேடினேன்" என்றாள் அண்ணி.

எழுந்து கை துடைக்கத் துணி எடுக்கப் பட்டறைக்குப் போனேன். கதவில் என் பெட்டி மூடி தொங்கியது. ஒவ்வொரு விதிக்கும் எதிரே பென்சிலால் ஒரு டிக். ஏழு டிக் இருந்தது. எட்டாவது, நெருப்பை அணைக்கிற விதி, இன்னும் பாக்கி. சிரிப்பு வந்தது. உள்ளே போய் விளக்கைப் போட்டேன். மேசை மேல் ஒரு கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் தோல் துண்டுகள். சுத்தமாக நெம்பி எடுத்து, தூசி தட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த தோல் துண்டுகள். எண்ணினேன். பதினொன்று.

கூடை காலியாக இருந்தது.

வெளியே எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வாளித் தண்ணீரை எடுத்துக் குழியில் ஊற்றினேன். இரண்டாவது வாளியையும் ஊற்றினேன். சாம்பல் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு உள்ளே ஓடின. மண்வெட்டியால் கிளறினேன். கிளறக் கிளறக் கரிதான் வந்தது. ஒரு குதிகால் மட்டும் உருவம் மாறாமல் கிடைத்தது, எடுத்ததும் கையில் உதிர்ந்தது.

"அண்ணி, கூடையில இருந்ததை எடுத்தீங்களா?"

"ஆமா தம்பி. அலமாரியில இருக்கறதை நான் தொடவே இல்ல. அது வேலைக்குன்னு தெரியும். இது கழிச்சுப் போட்டதுதானே? காஞ்சிருந்துச்சு, பழசா இருந்துச்சு, பெயிண்ட் இல்ல, ஆணி இல்ல, முழங்கை நீளத்துக்குள்ளதான் இருந்துச்சு." கதவில் தொங்கிய பெட்டி மூடியைக் காட்டினாள். "ரெண்டு கட்டையில மட்டும் தோல் ஒட்டியிருந்துச்சு. தோல் போடக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்க. அதான் கத்தியால நெம்பி எடுத்துட்டுப் போட்டேன்."

அவளைத் திட்ட என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு விதியை மீறியிருந்தால் போதும், ஜென்மத்துக்கும் திட்டித் தீர்த்திருப்பேன். அண்ணனைத் திட்டினேன். தார்ப்பாய் போடத் தெரியாதவன் என்றேன், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து வீட்டைச் சூறையாடிவிட்டுப் போகிறவன் என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்றேன். அண்ணன் பொறுத்துப் பார்த்தான்.

"மரக்கட்டைதானேடா, வேற செதுக்கிக்கலாம்" என்றான் முதலில். ஏழு மாசக் கதையைச் சொன்னேன். கண்டக்டர் அக்காவின் காலைச் சொன்னேன். அவன் முகம் மாறியது. குழியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அதைக் கழிச்சுக்கட்டுற கூடையில போட்டது யாரு?"

மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

"நான் சொல்றதைக் கேளு. இதை வெளிய சொல்லாத. சொன்னா உன் பேருதான் கெடும். வேலை முடியுற நேரத்துல குளிர் காயறதுக்குக் கட்டையை எரிச்சவன்கிட்ட ஆஸ்பத்திரி ஆள் அனுப்புமா? உங்க அண்ணியையும் இதுல இழுக்காத. தோலு வரலை, ஒரு வாரம் ஆகும்னு சொல்லு. அதுக்குள்ள புதுசா செதுக்கிடு. உன் கைக்கு அது ஒரு வேலையா?"

அண்ணன் ஒரு நாளும் என் கையைப் புகழ்ந்தவன் இல்லை. அன்று புகழ்ந்தான், நான் விழுந்தேன்.

மறுநாள் காலை பெட்டி மூடியைப் பார்த்தேன். எட்டாவது விதிக்கும் டிக் விழுந்திருந்தது. நாங்கள் கத்திவிட்டு உள்ளே போன பிறகு அண்ணி தனியாக வந்து, மறுபடி தண்ணீர் ஊற்றி, கிளறி, புறங்கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் தூங்கப் போயிருக்கிறாள்.

திங்கட்கிழமை கண்டக்டர் அக்கா வந்தாள். சீருடையோடு, தோளில் பையோடு, பணிக்குப் போகிற வழியில். பழைய ஷூதான் காலில். பின்கட்டுக் குழியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நெருப்புக் குழியெல்லாம் போட்டிருக்க? எனக்கெல்லாம் அது பக்கத்துல உக்காரவே கூடாது. கால் வெந்தாலும் மத்தவங்க சொல்லித்தான் தெரியும்" என்று சிரித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஆசையாகக் கேட்டாள்: "ஆச்சா?"

தோல் சுருள் என் முதுகுக்குப் பின்னால் மேசை மேல் இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

"தோலு வரல அக்கா. ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம்தானே?" அவள் யோசித்தாள். "டாக்டர் இந்தப் பழசைப் போட்டுட்டு நிக்காதே, புதுசு வர்ற வரைக்கும் லீவு போட்டு வீட்ல இருன்னாரு. ஒரு வாரத்துக்காக லீவை எதுக்குக் கெடுக்கணும்? பொண்ணுக்கு இது எட்டாம் மாசம். பிரசவத்துக்குப் போய்க் கூட இருக்கணும்னு சேத்து வச்சிருக்கேன். ஒரு வாரம் ஓட்டிரலாம்."

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டி, கைப்பிடியைப் பற்றி எழுந்து, கதவு வரை நடந்து போகும் வரைக்கும் இருந்தது. அக்கா, ஒரு வாரம் இல்லை, இரண்டு மூன்று மாசம் ஆகும், லீவு போடு என்று சொல்ல அவ்வளவு நேரமும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் அந்தச் சோற்றைத் தானே தின்ன வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டு நின்றுவிடுமே என்றுதான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. அளவு ஒரு முறை சரிபார்க்கிறேன் என்று இன்னொரு பொய்யைச் சொல்லி, அவளை மறுபடி உட்கார வைத்து, இரண்டு காலையும் முதலிலிருந்து அளந்து அனுப்பினேன்.

இரவும் பகலுமாகச் செதுக்கினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். செதுக்கத்தான் செய்தேன். ஆனால் கட்டை செதுக்குவது ஒரு பங்கு, நடக்கவிட்டுப் பார்ப்பது மூன்று பங்கு. வெள்ளோட்டம் விட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். அதனால் வெள்ளோட்டம் இல்லாமலே சரியாக வரவைக்கப் பார்த்தேன். அந்தப் பதினொரு துண்டுகளையும் புதுக் கட்டையில் வைத்து வைத்துப் பார்த்தேன். எந்த மேட்டில் எது இருந்தது என்று கை மறந்துவிட்டிருந்தது. சட்டை இல்லாத பொத்தான்கள் மாதிரி கிண்ணத்தில் கிடந்தன.

இரண்டாவது வாரம் வந்தாள். "தோலு?" "வரல அக்கா." மூன்றாவது வாரம் பேருந்திலிருந்தே தலையை நீட்டிக் கேட்டாள், நான் கையை விரித்தேன். "உன் தோலு நடந்து வருதா தம்பி?" என்று கத்தினாள், பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதற்குள் அண்ணன் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. போய்ச் சேர்ந்ததும் போனில் படம் அனுப்பினான். நெருப்பைச் சுற்றி நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற படம். அண்ணி எடுத்திருக்கிறாள். நடுவில் நான், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி. "பசங்க இதையே பேசிட்டு இருக்குதுங்க. அடுத்த லீவுக்கும் குழியை மூடாம வை" என்று எழுதியிருந்தான். அந்தப் பெண்மணியின் கால் என்னாயிற்று என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அண்ணி மட்டும் தனியாக ஒரு வார்த்தை அனுப்பினாள்: "செதுக்கிட்டீங்களா?" நான் பதில் போடவில்லை.

ஐந்தாவது வாரம், புதன்கிழமை, அக்கா வந்து உட்கார்ந்தாள். நான் கேட்காமலே இடது ஷூவைக் கழற்றினேன். காலுறையின் ஓரம் ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீரில் கால் வைத்திருப்பாள் என்று நினைத்து உறையை உருவினேன். தண்ணீர் இல்லை. சுண்டுவிரல் எலும்பு இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் இல்லை. நாற்றம் வந்தது.

"என்ன தம்பி, மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் ஏழு நடை ஓட்டிவிட்டு வந்திருந்தாள்.

நானேதான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் காலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ஷூ?" என்றார். "தோலு வரல சார்" என்றேன். அங்கேயும் அதையே சொன்னேன். பதினெட்டு நாள் மருந்து கட்டிப் பார்த்தார்கள். எலும்பில் ஏறிவிட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்தார்கள். அவள் அங்கே படுத்திருந்தபோதே மகளுக்குக் குழந்தை பிறந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

நாலு மாசம் கழித்துச் சீட்டு வந்தது. அதே டாக்டர், அதே கையெழுத்து. வலது காலுக்கு மட்டும் ஷூ தேவை என்று இருந்தது. ஆஸ்பத்திரி என்னிடம் ஆள் அனுப்புவதை நிறுத்தவே இல்லை. என் பேருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா ஊன்றுகோலோடு வந்தாள். மருமகன் வாசலில் இறக்கிவிட்டு, குழந்தைக்கு மருந்து வாங்கப் போனான். பெட்டி மூடியை நான் கதவிலிருந்து கழற்றவில்லை, எட்டு டிக்கோடு அப்படியே தொங்கியது. அதைத் தாண்டி வந்து, பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"இப்போ உனக்கு வேலை பாதிதான் தம்பி" என்றாள்.

நான் அளவு நாடாவைத் தேடினேன். அவள் கண் மேசை மேல் ஓடியது. கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். ஒரு துண்டைப் பொறுக்கி விரலால் தடவினாள்.

"இது எனக்கு ஒட்டினதுதானே? இந்தச் சுண்டுவிரல் துண்டு. நீ நாலு தடவை சீவிச் சீவி வச்ச. நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன். ஏன் பிச்சுட்ட?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழி, விதி, கூடை, மழை, எல்லாவற்றையும். அண்ணி என்று சொல்ல வந்து, கூடையில் போட்டவன் நான் என்று சொன்னேன். புதிதாகச் செதுக்க இரண்டு மூன்று மாசம் ஆகும் என்பது அந்தத் திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தோலு?"

"சனிக்கிழமையே வாங்கிட்டு வந்துட்டேன் அக்கா. நீங்க வந்தப்போ இங்க மேசை மேலதான் இருந்துச்சு."

அவள் அந்தத் துண்டைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தாள். கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். வலது காலை மெதுவாக முன்னால் நீட்டினாள். நான் அதைத் தொடவில்லை. ஜன்னல் வழியாகப் பின்கட்டைப் பார்த்தாள். குழியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. செங்கல் வட்டம் ஒரு கல்கூட அசையாமல் இருந்தது.

"லீவு இருந்துச்சு தம்பி" என்றாள். "எனக்கு அறுபத்திரண்டு நாள் லீவு இருந்துச்சு."